கருவிகள் ஒரே தாளத்தில் நடப்பது எப்படி?

வானொலியில் மணி அறிவிப்பதற்கு முன்னர், செக்கனுக்கு ஒன்றாகச் சில குறியொலிகள் கேட்பதை நேயர்கள் அறிவார்கள். அக்குறியொலிகளைக் கொண்டு நமது கைக்கடிகாரம் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால், அவற்றை மட்டும் கேட்டால் இப்பொழுது மணி ஏழா எட்டா என்பது விளங்காது. அதனை அறிவிப்பாளர் வாய் திறந்து சொல்ல வேண்டும். நடை வேறு, இடம் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இன்று பேசப் புகுந்த பொருளில் பாதி விளங்கிவிடும்.

பொருள் இதுதான். மலையகத்தில், அட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா போன்ற இடங்களில், வீட்டின் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு கோயில் திருவிழாப் பாடல்களையும் தேவாலயக் கீதங்களையும் கூத்துப் பாடல்களையும் பதிவு செய்ய விழையும் இளைஞர்களை நினைத்துக்கொள்வோம். அவர்களிடம் ஒரு கீபோர்டு இருக்கும். ஒரு கணினி இருக்கும். ஒன்றிரண்டு ஒலிவாங்கிகள் இருக்கும். பாட்டின் முதலடியில் கீபோர்டின் தாளமும் கணினியில் பதிந்த குரலும் ஒட்டி நிற்கின்றன. இரண்டாம் சரணம் வருவதற்குள் தாளம் முந்திவிடுகிறது, அல்லது பிந்திவிடுகிறது. சில வேளைகளில் கீபோர்டு தாளத்தைத் தொடங்கவே மறுக்கிறது. உடனே வயர் பழுது என்பார் ஒருவர். கீபோர்டு மலிவானது என்பார் மற்றொருவர். பெரும்பாலும் குற்றம் இரண்டிலும் இல்லை.

தோட்டங்களில் விடியற்காலையில் தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த வழக்கம் முதியோருக்கு நினைவிருக்கும். அத்தப்பு ஒருவர் கையில் இருந்தது. லயத்துக்கு ஒருவராக ஆளுக்கொரு தப்பை அடித்திருந்தால் யார் அழைப்பை யார் கேட்பது? இசைக் கருவிகளின் நிலையும் அதுவே. ஒன்று அடிக்க வேண்டும்; ஏனையவை கேட்டு நடக்க வேண்டும். எது அடிப்பது, எவை கேட்பது என்பதை நாம் முன்னரே தீர்மானித்துக் கருவிகளுக்குச் சொல்லியாக வேண்டும். அவை தாமாக அறியமாட்டா.

கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு மிடி என்று பெயர். 1983ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சி ஒன்றில், சீக்குவென்ஷல் சர்க்கிட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் புரொஃபெட்-600 என்ற கருவியும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் ஜுபிட்டர்-6 என்ற கருவியும் ஒரே வயரால் இணைக்கப்பட்டன. ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. சந்தையில் போட்டியாளராயிருந்தவர்கள் பொதுமொழி ஒன்றுக்கு உடன்பட்டது பெரிய காரியமே. அதற்கு முன்னின்ற டேவ் ஸ்மித், இக்குத்தாரோ கக்கெஹாஷி ஆகிய இருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. தமிழ்த் திரையிசையிலும் இம்முறை விரைவிலேயே புகுந்தது. 1992இல் 'ரோஜா' வெளிவந்த பின்னர், சிறிய அறையிலிருந்தே பெரிய இசை செய்யலாம் என்ற ஆசை எத்தனையோ இளைஞரைப் பற்றிக்கொண்டது.

மிடி வயரில் ஒலி செல்வதில்லை என்பதை நன்கு நினைவிற் கொள்க. 'இந்த விசை அமுக்கப்பட்டது, இவ்வளவு வலுவோடு அமுக்கப்பட்டது, இப்பொழுது விடப்பட்டது' என்ற செய்திகளே செல்கின்றன. அவை செக்கனுக்கு 31,250 குறிகள் என்ற வேகத்தில் ஓடுகின்றன. ஒரு சுரத்தை அமுக்கிய செய்தி போய்ச் சேர ஒரு மில்லிசெக்கனுக்கும் சற்றுக் குறைவான நேரமே பிடிக்கும். ஒரு மில்லிசெக்கன் என்பது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து விரல்களும் ஒருங்கே விழுந்தாலும் பத்தாவது சுரம் 10 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்துவதில்லை. காற்றில் ஒலி அந்நேரத்துக்குள் மூன்றரை மீற்றர்கூடச் செல்வதில்லை. அறையின் மறுகோடியில் நிற்பவர் பாடுவதை நாம் கேட்கும் தாமதம் எவ்வளவோ, அவ்வளவுதான். ஆகவே வயரின் மேல் பழி சுமத்துவதற்கு முன் சற்று நிதானிக்கலாம்.

இச்செய்திகளுக்கு நடுவே மற்றொரு செய்தியும் ஓடுகிறது. அதுதான் தாளத் துடிப்பு. ஓர் அடிக்கு 24 துடிப்புகள். நிமிடத்துக்கு 100 அடிகள் கொண்ட பாட்டில் செக்கனுக்கு 40 துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 25 மில்லிசெக்கன். கேட்கும் கருவி இவற்றை எண்ணி நடக்கிறது. இந்த 24 என்ற எண்ணை ரோலண்ட் நிறுவனத்தார் மிடிக்கு முன்னரே, 1980இல் வெளிவந்த டிஆர்-808 என்ற தாளக் கருவியில் பயன்படுத்தினர். 24ஐ இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் மீதமின்றிப் பிரிக்கலாம். ஆதலின் தகிட என்ற திசிரமும் தகதிமி என்ற சதுசிரமும் அதில் இலகுவாக அடங்கும். ஐந்தாலும் ஏழாலும் பிரிபடாது. கண்ட நடைக்கும் மிசிர நடைக்கும் துடிப்புகளுக்கு இடையில் விழும் இடங்களைக் கருவி தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. நம் இசையை நினைத்து வகுத்த எண் அன்று, ஆயினும் ஒப்பேற்றிவிடுகிறது.

இத்துடிப்பு வானொலிக் குறியொலியைப் போன்றது. நடையைச் சொல்லும், பாட்டின் எவ்விடம் என்பதைச் சொல்லாது. இடத்தைச் சொல்லுவதற்கு வேறு செய்திகள் உண்டு. 'தொடங்கு' என்பது ஒன்று; 'நிறுத்து' என்பது ஒன்று; 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பது ஒன்று. 'பாட்டின் இத்தனையாவது இடத்துக்குப் போ' என்று சுட்டுவது இன்னொன்று.

இவ்வேறுபாடு மலையகத்துக் கூத்துப் பதிவில் எவ்வாறு வந்து முட்டுகிறது என்பதைப் பாருங்கள். தப்பின் தோல் குளிரிலும் ஈரத்திலும் தளர்ந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே மூடுபனி இறங்கும் மாலையில், சிறிது நேரம் அடித்ததும் தப்பை மீண்டும் தீயில் காய்ச்சித்தான் ஆக வேண்டும். கீபோர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தப்புக்காரர் தீயருகே போகும்போது கணினியில் பதிவை நிறுத்துகிறோம். அவர் திரும்பி வந்ததும் இரண்டாம் சரணத்திலிருந்து மீண்டும் ஓட்டுகிறோம். கணினி 'தொடங்கு' என்று மட்டும் சொன்னால், கீபோர்டு பணிவுடன் முதலடியிலிருந்து தொடங்கும். கணினி இரண்டாம் சரணத்தில் நிற்க, கீபோர்டு பல்லவியில் நிற்கும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். இடம் மட்டும் வேறாகிவிடும். கணினி முதலில் இடத்தைச் சுட்டிப் பின்னர் 'தொடர்' என்று சொல்லும்படி அமைத்தால் இது நீங்கும். இடம் சுட்டும் செய்தியை ஏற்காத கீபோர்டுகளும் உண்டு. அத்தகைய கருவியை வைத்திருப்போர் ஒவ்வொரு முறையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஓட்டுவது தவிர வேறு வழியில்லை.

இனி, தாளம் விலகும்போது குற்றத்தைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பதற்கு வருவோம். கருவியின் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. கைநூலைப் புரட்டுவதற்கு முன் காதைத் தீட்ட வேண்டும். விலகல் எத்தகையது என்று கேட்க வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் எவ்வளவு விலகியிருந்ததோ முடிவிலும் அவ்வளவே விலகியிருக்கிறதா? அல்லது போகப்போக வளர்கிறதா? இக்கேள்விக்கு விடை கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு முற்றாகத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் நல்ல நேரம் சொல்பவரிடமும் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்க வேண்டியிருந்தது. அவ்விரு நேரங்களுக்கும் இடையிலிருந்த அரைமணி வேறுபாடு காலையிலும் மாலையிலும் ஒன்றே. இது நிலையான விலகல். பிந்தி ஓடும் கைக்கடிகாரமோ அப்படியன்று. இன்று ஒரு நிமிடம் பிந்தினால் நாளை இரண்டு நிமிடம் பிந்தும். இது வளரும் விலகல். இரண்டுக்கும் மருந்து வேறு.

நிலையான விலகல் பெரும்பாலும் கணினிக்குள் பிறக்கிறது. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக உடனே விழுங்குவதில்லை. ஒரு கிண்ணம் நிறையும்வரை சேர்த்து வைத்துப் பிறகே கொள்கிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், அக்கிண்ணம் 1,024 மாதிரிகள் கொண்டதாயின் 23 மில்லிசெக்கன் தாமதம். உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று எனக் கூட்டினால் 46க்கு மேலாகிவிடும். கொழுந்துக் கூடையின் அளவு போன்றது இது. பெரிய கூடை நிறைய நேரம் பிடிக்கும்; ஆனால் அடிக்கடி நிறுவைக்குப் போக வேண்டியதில்லை. கூடையைச் சிறிதாக்கி 128 என வைத்தால் தாமதம் 3 மில்லிசெக்கனுக்குள் அடங்கும். ஆயின் வலுக்குறைந்த கணினி மூச்சு வாங்கும், ஒலி வெடித்து வெடித்து வரும். பாடும்போது சிறிய கூடை, பாடி முடிந்து கலவை செய்யும்போது பெரிய கூடை என்று மாற்றிக்கொள்வதே வழக்கம். இந்தக் குற்றத்துக்காகப் புதிய கீபோர்டு வாங்குவது வீண் செலவு.

வளரும் விலகலுக்குக் காரணம் ஏறக்குறைய எப்பொழுதும் ஒன்றே: இரு தப்புகள் ஒலிக்கின்றன. கீபோர்டும் தன் கடிகாரத்தின்படி நடக்கிறது, கணினியும் தன் கடிகாரத்தின்படி நடக்கிறது. இரண்டின் முகத்திலும் 100 என்ற எண்ணே தெரியும். உள்ளே ஒன்று 100 ஆகவும் மற்றது 99.9 ஆகவும் இருந்தால், 3 நிமிடப் பாட்டில் 180 மில்லிசெக்கன் விலகிவிடும். பாமரர் காதுக்கும் அது புலப்படும். வயர் போட்டாயிற்றே, பிறகு எப்படி இரு கடிகாரம் என்று கேட்கலாம். வயர் போட்டால் மட்டும் போதாது. கணினியில் 'துடிப்பை அனுப்பு' என்ற அமைப்பையும், கீபோர்டில் 'வெளித் துடிப்பைக் கேள்' என்ற அமைப்பையும் திறக்க வேண்டும். வாங்கிய நிலையில் கீபோர்டுகள் பொதுவாகத் தம் சொந்தக் கடிகாரத்தையே நம்பியிருக்கும்.

கேட்கிறதா இல்லையா என்பதைச் சோதிக்க இலகுவான வழி உண்டு. கணினியில் வேகத்தை 60 ஆக்குங்கள். பிறகு 140 ஆக்குங்கள். கீபோர்டின் தாளமும் அவ்வாறே மந்தமாகி விரைந்தால் அது கேட்கிறது. மாறாமல் நின்றால் அது உங்களைக் கேட்கவேயில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்றுண்டு. வெளித் துடிப்பைக் கேட்கும்படி அமைத்த கீபோர்டைத் திருவிழா மேடைக்குத் தனியே கொண்டுபோவார்கள். அங்கே கணினி இல்லை. தாள விசையை அமுக்கினால் ஓசையே எழாது. தப்பொலிக்காகக் காத்திருக்கும் தொழிலாளியைப் போல அது காத்திருக்கிறது, பழுதன்று. அமைப்பை உள்துடிப்புக்கு மாற்றினால் உடனே ஒலிக்கும். மேடையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கருவியைத் தட்டியும் குலுக்கியும் பார்ப்பதனால் பயனில்லை.

தலைமை கணினிக்கா கீபோர்டுக்கா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குரலையும் பதிவு செய்வதாயின் கணினியே தலைமை தாங்குவது நலம். பதிந்த குரலை இழுத்தும் சுருக்கியும் பிறர் நடைக்கு ஓட்டுவது கடினம். கீபோர்டின் தாளத்தைக் கணினியின் நடைக்கு ஓட்டுவது எளிது. வளையாததைத் தலைவனாக்கி, வளைவதைத் தொடரச் செய்வதே முறை. இதைவிட எளிய வழியும் இருக்கிறது. கீபோர்டின் தாளத்தை ஒலியாகவே ஒருமுறை கணினியில் பதிந்துகொண்டு, அதன்மேல் பாடிவிடலாம். பதிந்தபின் ஒரே கடிகாரந்தான். ஒத்திசைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறு கூடங்களுக்கு இதுவே போதுமானது என்பேன். பின்னர் தாளத்தை மாற்ற விரும்புவோர்தாம் மிடி வழியை நாட வேண்டும்.

வயர்களைப் பற்றியும் இரண்டு சொல். 'அவுட்' என்ற துளையிலிருந்து புறப்படுவது 'இன்' என்ற துளைக்குச் செல்ல வேண்டும். கணினியோடு பொருத்தும் மலிவான வயர்களில், முனையில் எழுதியிருக்கும் 'இன்' என்ற சொல் அம்முனையின் பெயரா, அது போய்ச் சேர வேண்டிய துளையின் பெயரா என்பதில் மயக்கம் உண்டு. ஒன்றும் நடவாவிட்டால் இரண்டு முனைகளையும் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ஐந்து முனை மிடித் துளைகளில் இதனால் கருவிக்குத் தீங்கு நேராது. செய்தியை ஏற்கும் பக்கத்தில் மின்தொடர்பு அறுக்கப்பட்டு, சிறிய ஒளிவிளக்கும் ஒளியுணரியுமே செய்தியைக் கடத்துகின்றன. நீண்ட மழைக் காலத்தில் பித்தளை முனைகள் பச்சை பூப்பதும் உண்டு. அவற்றைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். வயரின் நீளம் 15 மீற்றருக்கு மேற்படலாகாது.

ஒரு விசையை அமுக்கினால் இரண்டு சுரங்கள் ஒட்டியொலிப்பது போல, குழாய்க்குள் பாடுவது போலக் கேட்டால், அது தாளக் குற்றமன்று. கீபோர்டு தானும் ஒலித்து, கணினிக்கும் சொல்லி, கணினி திருப்பிச் சொன்னதையும் ஒலிக்கிறது. கீபோர்டில் 'லோக்கல்' என்ற அமைப்பை 'ஆஃப்' செய்தால் தீரும். பதிவு முடிந்ததும் அதை மீண்டும் 'ஆன்' செய்ய மறந்தால் மறுநாள் கீபோர்டு ஊமையாகிவிட்டது என்று யாரேனும் பதறுவார்.

இதுவரை சொன்னது கருவிக்கும் கருவிக்கும் இடையிலான வழக்கு. மனிதர் வந்து சேரும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மன்மதன் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிந்த கதை அது. ஆடுவோரின் கால்களைப் பார்த்துத் தப்பு நடக்கிறது. தப்பைக் கேட்டுக் கால்கள் நடக்கின்றன. உச்சக் கட்டத்தில் நடை விரைகிறது. இரதியின் புலம்பலில் தளர்கிறது. அங்கே நிமிடத்துக்கு 100 என்ற எண்ணே கிடையாது. இதைப் பதிவு செய்யப் புகுந்தவர், பாடுவோர் காதில் கணினியின் 'டிக், டிக்' ஒலியை மாட்டி, அதற்கேற்பப் பாடுமாறு கேட்டால் என்ன ஆகும்? பாட்டு நேராகும், கூத்து போய்விடும்.

மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தார். அந்தத் தொகுப்பினால் சொற்கள் பிழைத்தன. ஆனால் தாலாட்டில் எந்த இடத்தில் தாய் மூச்சு வாங்கினாள், ஒப்பாரியில் எந்தச் சொல்லில் குரல் நீண்டது என்பதை எந்த அச்செழுத்தும் காட்டாது. அதை ஒலிப்பதிவு ஒன்றே காட்ட முடியும். பாட்டியின் ஒப்பாரியைச் சமமான அடிகளாக வெட்டி ஒட்டிவிட்டால், அச்சில் இல்லாத அந்தப் பகுதியும் தொலைந்துவிடும். அதைப் பாடத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

கருவியே மனிதரைக் கேட்டு நடக்கச் செய்ய வழியுண்டு. முதலில் தப்பையும் குரலையும் எவ்வித ஒலிக்குறியும் இன்றி, அவர்கள் விரும்பிய நடையில் பதிவு செய்ய வேண்டும். பின்னர் கணினித் திரையில் ஒவ்வொரு தப்படியும் விழும் இடத்தைக் கண்டு, அங்கே அங்கே அடிக்கோடுகளை நாட்ட வேண்டும். இப்படி நாட்டிய வரைபடத்தின்படி கணினியின் துடிப்பு தானே விரைந்தும் தளர்ந்தும் ஓடும். கீபோர்டு அத்துடிப்பைக் கேட்டு ஓடும். இப்பொழுது தப்பு அடிப்பவர் தப்புக்காரரே. ஒரு பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும் வேலைதான். பொறுமையில்லாதவர்கள் கீபோர்டைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். கூத்துக்கு அது ஒரு குறையன்று.

விடியவிடிய நடக்கும் கூத்தைப் பதிவு செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் ஒலிப்பதிவுக் கருவி தப்பின் அருகில், ஒரு கைப்பேசி கூட்டத்தின் நடுவில் என இரண்டாகப் பதிவர். பிறகு இரண்டையும் இணைக்க விரும்புவர். இவற்றிடையே மிடியும் இல்லை, வயரும் இல்லை. ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் படிகத்தின் துடிப்பை நம்பி ஓடுகிறது. இரு படிகங்களின் ஓட்டத்தில் இருபதினாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு பாட்டுக்குள் அது தெரியாது. ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெக்கன் ஆகும். 8 மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன். முன்னிரவில் ஒட்டி நின்ற ஒலிகள் விடியலில் எதிரொலி போல இரட்டித்துக் கேட்கும்.

இத்துடன், ஒரு கருவி செக்கனுக்கு 48,000 மாதிரியும் மற்றது 44,100 மாதிரியும் எடுத்திருக்க, கணினி அதை அறியாமல் ஓட்டினால் வேடிக்கை வேறாகும். 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 செக்கனுக்கு நீளும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். ஆர்மோனியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே பிடிபடும். எல்லாக் கருவிகளிலும் ஒரே எண்ணை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் இத்தொல்லை எழாது.

படிக வேறுபாட்டை அப்படித் தடுக்க முடியாது. அளந்து திருத்தத்தான் முடியும். அதற்குப் பதிவின் தொடக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியதும், தப்புக்காரரை நடுவில் நிறுத்தி, மூன்று தனி அடிகள் அடிக்கச் சொல்ல வேண்டும். கூத்து முடிந்ததும், கருவிகளை நிறுத்துவதற்கு முன், அதே இடத்தில் நின்று மீண்டும் மூன்று அடிகள். இரு பதிவுகளிலும் முதல் மூன்றடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, இறுதி மூன்றடி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால், இரவு முழுவதும் நேர்ந்த விலகல் இவ்வளவு என்பது எண்ணாகக் கையில் கிடைக்கும். கைப்பேசிப் பதிவை அந்த அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ கணினிக்குச் சொல்லிவிடலாம். இரவு நடுவில் தப்பைக் காய்ச்சப் போகும்போதும் கருவிகளை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். நிறுத்தினால் மறுபடியும் மூன்று அடிகள் வேண்டும்.